பழைய இழுப்பா, கக்குவானா? கடை வாசலில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

அம்பாசமுத்திரம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பீடித்தட்டு உண்டு. மீதி வீடுகளில் அரிசி ஆலைக்கோ செங்கல் சூளைக்கோ போய் வந்த ஆட்கள். அறுபது தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் இன்ஹேலர் இல்லை என்றால்தான் எனக்கு ஆச்சரியம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் சித்தப்பாவுக்குக் கக்குவான் இருமல் (வூப்பிங் காஃப்) வந்தது. அரிசி ஆலையில் முப்பது வருஷம் நின்றவர், நுரையீரல் ஏற்கெனவே கெட்டுப்போனவர். அது கக்குவான் என்று தெரியவே ஐந்து வாரம் ஆயிற்று. தினமும் மருந்து எடுத்துக் கொடுத்த எனக்கும் தோன்றவில்லை. "பழைய இழுப்புதானே" என்று நானும்தான் சொன்னேன். அதற்கப்புறம் கவுண்டரில் வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பதில்களை நெஞ்சக நோய் டாக்டர் ஒருவர் படித்துத் திருத்திக் கொடுத்தார். இனி கேள்விகள், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே.

கக்குவான்னா சின்னப் பிள்ளையளுக்கு வருததுல்லா அண்ணாச்சி? எங்க அப்பாவுக்கு 68 வயசு. அவியளுக்கு எப்படி வரும்?

வரும். கக்குவானுக்குக் காரணம் போர்டெடெல்லா பெர்ட்டூசிஸ் என்ற பாக்டீரியா. போர்டே, ஜெங்கு என்ற இருவர் 1906-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கிற துளியில் பரவுகிறது. எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 17 பேருக்குக் கொடுத்துவிடுவார் என்பது கணக்கு. ஒரே வீட்டில் என்றால் எதிர்ப்பு இல்லாத 10 பேரில் 8 பேருக்குமேல் தொற்றிவிடும்.

சின்ன வயதில் கக்குவான் வந்து போயிருந்தாலும் அந்த எதிர்ப்பு ஆயுசுக்கும் நிற்காது. 4 வருஷத்தில் போகலாம், மிஞ்சினால் 20 வருஷம். ஊசியால் வரும் எதிர்ப்பு 4 முதல் 12 வருஷம். உங்கள் அப்பா 1950களில் பிறந்தவர். நம் நாட்டில் கக்குவானும் சேர்ந்த முத்தடுப்பு ஊசி அரசுத் திட்டமாக வந்ததே 1978-ல்தான். அதனால் அவர் உடம்பில் இதற்கு எதிர்ப்பு மிச்சம் இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

அவியளுக்கு வருஷம் முழுக்க இருமல்தான். இதுல கக்குவான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

சிரமம்தான். முதல் ஒன்றிரண்டு வாரம் மூக்கொழுகல், லேசான இருமல் என்று சாதாரண ஜலதோஷம் மாதிரியே இருக்கும். கிருமி அதிகம் பரவுவதும் இந்த நாட்களில்தான். அப்புறம் இருமலின் குணம் மாறும். ஒரு மூச்சில் பத்துப் பதினைந்து இருமல் அடுக்கடுக்காக வரும், நடுவில் மூச்சு இழுக்க இடம் கிடைக்காது. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் ஓங்கரித்து வாந்தி எடுப்பார்கள். முடிந்ததும் ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். இரவில் கூடுதல். இந்தக் கட்டம் ஆறு வாரம் வரையிலும், சிலருக்கு பத்து வாரம்கூட இழுக்கும்.

பழைய இழுப்பு கூடினால் பெரும்பாலும் மூச்சிரைப்பு கூடும், சளி கூடும், சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். கக்குவானில் முன்னால் நிற்பது இருமல் மட்டும். சளி கொஞ்சம், பசை மாதிரி. காய்ச்சல் இருக்காது, இருந்தாலும் லேசாகத்தான். என் சித்தி இதைத்தான் முதல் வாரமே சொன்னாள்: "இது உங்க சித்தப்பா இருமல் இல்லல. அவிய இருமல் எனக்குத் தெரியாதா?" நாற்பது வருஷம் ஒரே அறையில் படுத்தவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. இப்போதெல்லாம் வீட்டுக்காரர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "சத்தம் மாறியிருக்கா?" என்பதுதான்.

ஆச்சி "ஊப்"னு இழுத்துச் சத்தம் போடவே இல்ல. அப்போ கக்குவான் இல்லைதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அடுக்கு இருமல் முடிந்ததும் காற்றை வேகமாக உள்ளே இழுக்கும்போது வரும் அந்தக் கூவல் பிள்ளைகளின் குறுகிய தொண்டையில் நன்றாகக் கேட்கும். பெரியவர்களில் பலருக்கு வருவதே இல்லை. கூவல் இல்லை என்பதை வைத்து ஒதுக்குவதைவிட, இருமி வாந்தி எடுத்தார்களா என்று கேளுங்கள்.

எல்லாருக்கும் இருமல்தானே வருது. நுரையீரல் கெட்டவங்களை மட்டும் ஏன் இப்படிப் படுத்துது?

நம் மூச்சுக்குழாயின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அசைந்துகொண்டே இருக்கும். தூசியையும் சளியையும் மேலே தள்ளிவிடுவது அவற்றின் வேலை. கக்குவான் கிருமி வந்து உட்காருவது அந்த மயிர்களின் மேல்தான். அதன் நச்சு அந்த மயிர்ச் செல்களைக் கொன்று உதிர்க்கிறது. கன்னடியன் கால்வாயில் அமலைச்செடி அடைத்துக்கொண்டால் மடை வரைக்கும் தண்ணீர் வராதே, அந்தக் கதைதான். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு சில வாரங்களில் புது மயிர் முளைத்துவிடும். பீடிப் புகையிலும் அடுப்புப் புகையிலும் ஆலைத் தூசியிலும் பாதி மயிரை ஏற்கெனவே இழந்தவருக்கு மிச்சம் இருந்த கால்வாயும் அடைபடுகிறது. தேங்கிய சளியில் வேறு கிருமி வந்து சேர்ந்தால் நிமோனியா.

இரண்டாவது, மூச்சுக் கணக்கு. சிஓபிடி என்று சீட்டில் எழுதுகிறார்களே, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதில் இழுத்த காற்று முழுவதும் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும். அந்த நிலையில் பதினைந்து இருமல் தொடர்ந்து வந்தால் ஆக்சிஜன் சட்டென்று இறங்கும். சித்தப்பாவுக்கு ஆக்சிஜன் அளக்கும் விரல் கருவியில் எப்போதும் 93 காட்டும். ஒரு இருமல் அடுக்கின்போது 84-ஐ நான் என் கண்ணால் பார்த்தேன். நின்றபின் மேலே ஏற ஐந்து நிமிஷம் ஆயிற்று.

மூன்றாவதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. இருமுவதற்குப் பயந்து சாப்பிட மாட்டார்கள், சாப்பிட்டதும் வாந்தியில் போகும், தூக்கம் கிடையாது. ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருப்பவர் இன்னும் மெலிவார். நுரையீரல் நோய்க்காரர் ஒரு தடவை பலமாக விழுந்து எழுந்தால் பழைய இடத்துக்கே திரும்பி வருவார் என்ற உறுதி இல்லை. முன்பு கடைத்தெரு வரை நடந்தவர் அப்புறம் திண்ணையோடு நின்றுவிடுவார். சித்தப்பாவுக்கு அதுதான் நடந்தது.

நான் ஒரு பீடிகூட குடிச்சதில்ல. சுத்தினது மட்டும்தான். எனக்கு எதுக்கு நுரையீரல் நோய்?

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா கேட்டது. பீடிச் சுற்றும்போது பறக்கும் புகையிலைத் தூள், காற்றோட்டம் இல்லாத அடுக்களையில் விறகடுப்பு, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்காரர் விடும் புகை, மூன்றும் சேர்ந்தால் குடித்தவர்களுக்குச் சமமாகவே கெடலாம். நம் பக்கம் இன்ஹேலர் வாங்க வரும் பெண்களில் புகைத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அதனால் "பீடி குடிப்பாங்களா?" என்று கேட்டு "இல்லை" என்றதும் விட்டுவிட்டால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள்.

சளி டெஸ்ட்ல டி.பி. இல்லைன்னு வந்துட்டு. எக்ஸ்ரேவும் சுத்தம். பின்ன எந்த டெஸ்ட் எடுக்கணும்?

முதலில் டி.பி. பார்த்தது சரியான காரியம். இரண்டு வாரம் தாண்டிய இருமல் எதுவானாலும் நம் ஊரில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். கக்குவானில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும், அதனால் சுத்தம் என்றதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

கக்குவானுக்கு இரண்டு வழி. இருமல் தொடங்கி மூன்று வாரத்துக்குள் என்றால் மூக்கின் பின்புறம் வரை பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து பிசிஆர் பார்ப்பார்கள், கொரோனாவுக்கு எடுத்தார்களே அந்த மாதிரி. நான்காவது வாரத்துக்கு மேல் அதில் கிருமி சிக்குவது அபூர்வம். அப்போது ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்க்கலாம். அதற்கு இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், இரண்டு மூன்று மாதம் வரை காட்டும். சித்தப்பாவுக்குக் குச்சிச் சோதனைக்கான நாள் கடந்துவிட்டது, ரத்தத்தில்தான் தெரிந்தது. இந்தச் சோதனைகள் எல்லா லேபிலும் கிடையாது. ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள், பதில் வரச் சில நாள் ஆகும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பல டாக்டர்கள் அந்தப் பதிலுக்குக் காத்திருக்காமலே மருந்து தொடங்கிவிடுவார்கள். அதுதான் சரியும்கூட.

இன்னொன்று. பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே வறட்டு இருமல் வரலாம். டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

அசித்ரோமைசின் சாப்பிட்டு முடிச்சாச்சு. இருமல் நிக்க மாட்டேங்கு. மருந்து கேக்கலையா?

மருந்து கேட்டிருக்கும், இருமல்தான் கேட்காது. கிருமி செத்தாலும் அது உதிர்த்துவிட்டுப் போன நுண்மயிர் (மேலே கால்வாய்க் கதையில் சொன்னது) மறுபடி முளைக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இருமல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் இருமலின் வேகம் கொஞ்சம் குறையலாம். அதற்கப்புறம் தொடங்கினால் முக்கியமான பயன், அடுத்தவருக்குப் பரவாது. மருந்து தொடங்கி ஐந்து நாள் முடிந்தால் பரவும் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மருந்தே எடுக்காவிட்டால் இருமல் தொடங்கியதிலிருந்து மூன்று வாரம்.

அசித்ரோமைசினில் ஐந்து நாள் கணக்கும் உண்டு, மூன்று நாள் கணக்கும் உண்டு. சீட்டில் எழுதியதை முடியுங்கள். "நிக்கல, இன்னொரு அட்டை தாங்க" என்று என்னிடம் வந்தால் நான் தர மாட்டேன்.

டெரிஃபிலின் மாத்திரை பத்து வருஷமா ஓடுது. அதுகூட இந்த மருந்தைச் சாப்பிடலாமா?

இதைக் கேட்டவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. டெரிஃபிலினில் மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் இருக்கிறது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் இரண்டும் கக்குவானுக்குக் கொடுக்கும் மருந்துகளே, ஆனால் அவை ரத்தத்தில் தியோஃபிலின் அளவை ஏற்றிவிடும். குமட்டல், கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, முற்றினால் வலிப்பு வரை போகலாம். அசித்ரோமைசினுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலும் கவனம் வேண்டும், இ.சி.ஜி. பார்த்துவிட்டுத் தருவது வழக்கம். கொலஸ்ட்ரால் மாத்திரை சிலவற்றோடும் கிளாரித்ரோமைசின் ஒத்துப்போகாது.

அதனால் டாக்டரிடம் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். மதுரையில் ஒரு டாக்டர், அம்பையில் ஒரு டாக்டர், நடுவில் நாமே வாங்கிய நாலு மாத்திரை என்று இருக்கும். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நல்ல இருமல் டானிக்கா ஒண்ணு தாங்க அண்ணாச்சி.

சித்தப்பா வீட்டு ஜன்னல் திட்டில் காலி டானிக் பாட்டில் ஏழு நின்றது. ஏழும் என் கடையில் வாங்கியது. அதில் ஒன்றாவது கக்குவான் இருமலைக் குறைத்திருக்குமா என்றால், இல்லை. இந்த இருமலுக்கு என்று நிரூபணமான டானிக் கிடையாது. கோடீன் போல மயக்கம் தரும் மருந்து கலந்தவை நுரையீரல் நோய்க்காரருக்கு ஆபத்தும்கூட. மூச்சை மந்தமாக்கி உள்ளே கரியமிலவாயுவைத் தேக்கிவிடும். மூச்சிரைப்பும் விசில் சத்தமும் இருந்தால் இன்ஹேலர், நெபுலைசர் உதவும், ஆனால் அது இழுப்புக்கு, கக்குவானுக்கு அல்ல. போன தடவை எழுதிய ஸ்டீராய்டு மாத்திரையை மிச்சம் வைத்துச் சாப்பிடுவது இன்னும் மோசம்.

சுக்குக் கஷாயம், கருப்பட்டி, தேன்? வெதுவெதுப்பாகக் கொஞ்சம் குடித்தால் தொண்டைக்கு இதம், தடை ஒன்றும் இல்லை. சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று நினைவில் வையுங்கள். ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. கழுதைப் பால் பற்றியும் கேட்கிறார்கள். தெருவில் கறந்து சங்கில் ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். அது கக்குவானைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, காய்ச்சாத பாலில் வேறு கிருமி வரும். கொடுத்து ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை.

சாப்பாடும் மாத்திரையும் வாந்தியிலேயே போயிருது. என்ன செய்ய?

இருமல் அடுக்கு ஒன்று முடிந்த கையோடு கொடுங்கள். அடுத்தது வரக் கொஞ்ச நேரம் இருக்கும். தட்டு நிறையச் சோறு வேண்டாம், ஒரு கிண்ணம் கஞ்சி, அரைமணி கழித்து இன்னொன்று. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிட்டதை வாந்தி எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனே இனிப்பு கொடுங்கள், பிறகு டாக்டரிடம் அளவைக் கேளுங்கள். கிருமிக்கான மாத்திரை விழுங்கிச் சற்று நேரத்திலேயே வெளியே வந்துவிட்டால் மறுபடி கொடுக்கலாமா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் இன்ஹேலரின் தூள் பட்டதும் இருமல் கிளம்பினால், ஸ்பேசர் வைத்து அடிக்கும் பம்புக்கு மாற்றித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். அடுக்களைத் தாளிப்பு, சாம்பிராணி, கொசுவர்த்தி மூன்றும் அந்த அறைப் பக்கமே வரக் கூடாது. பிசான நெல் அறுவடை சமயம் என்றால் களத்துப் பக்கம் போகவிடாதீர்கள்.

இருமி இருமி விலாவுல பிடிச்சுக்கிட்டு. தைலம் தேய்ச்சாப் போதுமா?

நாங்களும் தேய்த்தோம். சித்தப்பா வலப்பக்க விலாவைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இருமல் வரும்போதெல்லாம் தலையணையை அணைத்துக் குனிந்துகொள்வார். சதை பிடிப்பு என்று பத்து நாள் ஓட்டினோம். அப்புறம் படம் எடுத்துப் பார்த்தால் ஒரு விலா எலும்பில் கீறல். கக்குவான் வந்த பெரியவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு இருமியே விலா எலும்பு முறிகிறது. வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்து எலும்பு மெலிந்தவர்களுக்கு அது இன்னும் சுலபம்.

வலிக்கிறதே என்று மூச்சை ஆழமாக இழுக்காமல் விட்டால் சளி தேங்கும், அது அடுத்த பிரச்சினை. அதனால் வலி மருந்து சரியாக எழுதி வாங்குங்கள். துண்டால் இறுக்கிக் கட்டாதீர்கள். தலையணையை அணைத்து இருமுவது நல்ல பழக்கம், அதை விட வேண்டாம்.

ஒண்ணு கேக்கணும், சிரிக்கக் கூடாது... இருமுனா சேலை நனைஞ்சிருது.

சிரிக்க ஒன்றும் இல்லை. இந்த நோயில் நூற்றுக்கு 28 பேர் இதைச் சொல்கிறார்கள். பெண்கள் இதைக் கேட்பது கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, அதுவும் மூன்றாம் தடவை வரும்போதுதான். இருமல் அடங்க அடங்கப் பலருக்கும் இதுவும் சரியாகும். அதுவரை பேட் வையுங்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள், சளி இன்னும் கட்டியாகும். இருமல் நின்றபின்னும் தொடர்ந்தால் பெண் டாக்டரிடம் காட்டுங்கள், பயிற்சி சொல்லித் தருவார்கள்.

இருமி மயங்கி விழுவதும் உண்டு, நூற்றுக்கு 6 பேர். இந்த இரண்டு மாதம் பைக் ஓட்டுவதும் கிணற்று மேட்டில் தனியாக நிற்பதும் வேண்டாம்.

எப்போ 108-க்கு அடிக்கணும்?

உதடோ நகமோ நீலம் பாய்ந்தால். ஒரு வாக்கியம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால். தூக்கக் கலக்கமாக, பேச்சுக் குழறி, ஆளை அடையாளம் தெரியாமல் இருந்தால், இது உள்ளே கரியமிலவாயு தேங்கியதன் அடையாளம். இருமலின்போது ஒருபக்க நெஞ்சில் சுருக்கென்று வலித்து உடனே மூச்சு முட்டினால், நுரையீரலில் காற்றுப்பை வெடித்திருக்கலாம். இவற்றில் எது வந்தாலும் யோசிக்காதீர்கள், திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வரை போக வேண்டுமே என்று தயங்கவும் வேண்டாம். நல்ல காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கக்குவானில் காய்ச்சல் இருக்காது என்று மேலே சொன்னேன், அதனால் வந்தால் நிமோனியாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

விரல் கருவி வைத்திருப்பவர்கள், நன்றாக இருக்கும் நாளில் எவ்வளவு காட்டுகிறது என்று காலண்டரில் எழுதி வையுங்கள். இருமல் இல்லாத நேரத்திலும் 88-க்குக் கீழேயே நின்றால் கிளம்பிவிடுங்கள். வீட்டில் ஆக்சிஜன் இருந்தால் பயத்தில் முழுதாகத் திறந்துவிடாதீர்கள். சிஓபிடி-காரருக்கு 88 முதல் 92 போதும், அதற்குமேல் ஏற்றுவதே அவர்களுக்குக் கெடுதல் ஆகலாம்.

மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா. பிள்ளை பிறந்து இருபது நாள். அப்பா அதே வீட்டுல இருமிக்கிட்டே இருக்காவ.

இந்தப் பக்கத்திலேயே அவசரமான கேள்வி இதுதான். பிள்ளைக்கு முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான், அடுத்தவை பத்திலும் பதினான்கிலும். அதுவரை அதற்கு எதிர்ப்பு என்பது கிட்டத்தட்ட இல்லை. பச்சைப்பிள்ளை கக்குவானில் இருமக்கூடச் செய்யாமல் மூச்சை நிறுத்திவிடலாம். கக்குவானில் சாவது பெரும்பாலும் இந்த வயதுதான். அப்பாவை வேறு அறைக்கு, முடிந்தால் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள், மாஸ்க் போடச் சொல்லுங்கள். அவருக்கு மருந்து தொடங்கி ஐந்து நாள் ஆகும் வரை பிள்ளையைத் தூக்கக் கூடாது. தாத்தா மனசு சங்கடப்படும்தான், பரவாயில்லை. டாக்டரிடம் வீட்டில் உள்ள எல்லாருக்கும், பிள்ளைக்கும் சேர்த்தே, தடுப்பாக மருந்து வேண்டுமா என்று கேளுங்கள். அவர் இருமத் தொடங்கி மூன்று வாரத்துக்குள் கொடுத்தால்தான் அதற்குப் பயன்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பேரன் லேசாக இருமிக்கொண்டு வந்து தாத்தா மடியில் உட்காருவான். அவனுக்கு லேசாகப் போய்விடலாம், தாத்தாவுக்குப் போகாது. சித்தப்பாவுக்கு வந்தது அப்படித்தான் என்பது என் ஊகம்.

போன வருஷம் ஆணி குத்தினப்போ டி.டி. ஊசி போட்டேனே. அது போதாதா?

போதாது. டி.டி. (TT) என்று நாம் சொல்லும் ஊசி ரண ஜன்னிக்கு மட்டும். இப்போது அதற்குப் பதில் வரும் டி.டி.-யில் (Td) தொண்டை அடைப்பானும் சேர்ந்திருக்கிறது, கக்குவான் இல்லை. 10, 16 வயதிலும் கர்ப்பிணிகளுக்கும் அரசு போடுவதும் இதுதான். பேர் ஒன்றாகக் கேட்பதால் வரும் குழப்பம். கக்குவானும் சேர்ந்த பெரியவர்களுக்கான ஊசிக்கு டிடாப் என்று பெயர். தனியார் மருத்துவமனையில் கிடைக்கும், விலை ஆயிரத்துக்கு மேல். ஒரு ஊசி, பிறகு பத்து வருஷத்துக்கு ஒருமுறை. சிஓபிடி சிகிச்சைக்கான உலக வழிகாட்டி நெறிகளிலும், வளரிளம் வயதில் போடாத நோயாளிகளுக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது. கர்ப்பிணிகள் 27-லிருந்து 36-வது வாரத்துக்குள் போட்டால் தாயின் எதிர்ப்பு பிள்ளைக்கும் போய்ச் சேரும், முந்தின கேள்வியில் சொன்ன ஆறு வார இடைவெளிக்கு அதுதான் துணை.

ஊசி போட்டாலும் வருமாமே. பின்ன என்னத்துக்கு ஆயிரம் ரூவா?

வரலாம், மறைக்க வேண்டியதில்லை. டிடாப் போட்ட முதல் வருஷம் பத்தில் ஏழு பேரைக் காக்கிறது. நான்கு வருஷம் ஆகும்போது அது பத்தில் மூன்று நான்காகக் குறைந்துவிடும். ஆனால் போட்டவருக்கு வந்தால் பொதுவாக வேகம் குறைவாக இருக்கும். ஆயிரம் ரூபாயைச் சித்தப்பாவின் ஏழு டானிக், மூன்று டாக்டர், இரண்டு எக்ஸ்ரே, நான்கு நாள் வார்டு, சித்தி சுற்றாமல் போட்ட ஒன்றரை மாதப் பீடி ஆகியவற்றோடு வைத்துப் பார்த்தால் எனக்குக் கணக்கு புரிகிறது. கையில் காசு குறைவு, ஒன்றுதான் போட முடியும் என்றால்? அது டாக்டரோடு பேச வேண்டிய விஷயம். ஃப்ளூ ஊசி வருஷாவருஷமும் நிமோனியா ஊசியும் இவர்களுக்கு அதே அளவு முக்கியம்.

இவ்வளவு பெரிய நோய்னா பேப்பர்ல வரணும்லா? யாருமே பேசலையே.

பார்த்தால்தானே பேர் வரும். மேலே சொன்ன சோதனைகள் எடுக்காமலே "இழுப்பு கூடிட்டு" என்று எழுதி அனுப்பினால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. பெரியவர்களின் கக்குவான் உலகம் முழுக்கவே குறைவாகத்தான் பதிவாகிறது. சோதனை நன்றாக நடக்கும் நாடுகளில் 2024-ல் நோய் கூடியது கண்ணுக்குத் தெரிந்தது, அமெரிக்கா, இங்கிலாந்து, சீனா எல்லா இடத்திலும். ஆஸ்திரேலியாவில் 45 வயது தாண்டியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வந்தது. அமெரிக்கக் காப்பீட்டுக் கணக்குகளைப் பார்த்தவர்கள், ஆஸ்துமாவோ சிஓபிடியோ உள்ளவர்களுக்குக் கக்குவான் வந்தால் செலவு கூடுவது நோயின் பேர் தெரிவதற்கு முன்பிருந்தே தொடங்குகிறது என்று கண்டார்கள். ஜன்னல் திட்டில் நின்ற ஏழு பாட்டிலும் அந்தக் கணக்குத்தான்.

நல்லாகி மூணு மாசம் ஆச்சு. இப்போ லேசா சளி பிடிச்சதும் மறுபடி அதே அடுக்கு இருமல். திரும்ப வந்துட்டா?

பெரும்பாலும் இல்லை. ஒரு தடவை கக்குவான் வந்து போன மூச்சுக்குழாய் பல மாதங்களுக்குக் கூச்சமாகவே இருக்கும். அப்புறம் வரும் சாதாரண ஜலதோஷம்கூட அந்தப் பழைய இருமலைக் கிளப்பிவிடும். இது கிருமி திரும்பி வந்தது அல்ல, மறுபடி கிருமி மருந்தும் வேண்டாம். ஆனால் சளியின் நிறம் மாறினாலோ, மூச்சிரைப்பு கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அது வேறு விஷயம், டாக்டரிடம் போங்கள். சித்தப்பாவுக்கு மார்கழிப் பனியில் இரண்டு தடவை இப்படி வந்தது. இரண்டாம் தடவை சித்தி எனக்குப் போன் போட்டு, "சத்தம் அதேதான், ஆனா வாந்தி இல்ல, வெரல்ல 92 காட்டுது, நாளைக்குப் பார்த்துக்கிடலாமா?" என்று கேட்டாள். பார்த்துக்கிடலாம் சித்தி என்றேன்.